உறைந்த எண்ணெய் யாருடையது?

கேள்வி: ஒரு கல்யாணத்துக்காக ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு ஊட்டிக்குக் காரில் போனோம். ஐந்து பேரின் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். கிளம்பும் அவசரத்தில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, எண்ணெய் பாட்டிலையும் கடைசியாக அதிலேயே போட்டேன். அறைக்குப் போய்த் திறந்தால் ஒரே பிசுபிசுப்பு. பட்டுப்புடவை மடிப்பில் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. மாமியார் மூட்டுவலிக்காக வைத்திருக்கும் தைலம்தான் காரணம். நல்லெண்ணெயில் காய்ச்சியது, பழைய கண்ணாடி பாட்டில். அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறோம். அதை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கசியாமல் இருக்க எந்த மாதிரிப் பை வாங்கலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பை இருக்கட்டும். அந்த வெள்ளையைப் பற்றி முதலில் பேசுவோம்.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், "மெழுகு மாதிரி வெள்ளையாக" என்று. ஊட்டிக் குளிருக்கு நல்லெண்ணெய் அப்படி உறையாது சகோதரி. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனதும் வெள்ளை வெளேரென்று கட்டிப்படுவது தேங்காயெண்ணெய். தைலம் கசிந்திருந்தால் கறை பழுப்பாக இருந்திருக்கும், பெட்டியைத் திறக்கும் முன்பே வாடை சொல்லியிருக்கும். உங்கள் கடிதத்தில் வாடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மகளுக்குத் தலை பின்னிவிட்டு, அந்த எண்ணெய்க் கையோடு ஒரு பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டது யார்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எண்ணெய்க் கையில் மூடி வழுக்கும். இறுக்கிவிட்டதாகத் தோன்றும், கடைசிக் கால் சுற்று மிச்சம் இருக்கும். மூடியின் மரையில் ஏற்கெனவே படிந்திருக்கும் எண்ணெய் வழியாகவே உள்ளிருப்பது மெல்ல ஊர்ந்து வெளியே வரும். கார் டிக்கிச் சூட்டில் தேங்காயெண்ணெய் தண்ணீராக இளகிவிடுவதால் அது இன்னும் சுலபம். பிறகு மலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஈரோட்டில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. கீழே மூடும்போது பாட்டிலுக்குள் 100 மி.லி. காற்று அடைபட்டிருந்தால், மேலே போனதும் அது கிட்டத்தட்ட 125 மி.லி. இடம் கேட்கும். மலை ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். பாட்டில் படுத்துக் கிடந்தால் காற்று எண்ணெயை மூடி வழியாகத் தள்ளும். முழு பாட்டிலைவிட அரை பாட்டில் அதிகம் கக்குவது இதனால்தான்.

ஆக, கசிந்தது உங்கள் எண்ணெய். பழி விழுந்தது மாமியார் தைலத்தின் மேல். "அவரும் ஒன்றும் சொல்லவில்லை" என்கிறீர்கள். சொல்லமாட்டார். வயதானவர்கள் பயணத்தில் தன்னால் ஒரு தொந்தரவு வந்துவிடக்கூடாது என்று வாயை மூடிக்கொள்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் சௌகரியம். அதுவும் எங்கே போகும்போது? ராமேஸ்வரத்துக்கு. கோவிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரப் புடவையோடு கல்தரையில் கிணறு கிணறாக நடக்க வேண்டிய இடத்துக்கு மூட்டுவலிக்காரரைத் தைலம் இல்லாமல் கூட்டிப் போகப் பார்க்கிறீர்கள். பட்டுப்புடவையை டிரைகிளீனிங்கில் கொடுத்துக்கொள்ளலாம். ராத்திரி முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை எங்கே கொடுப்பீர்கள்?

இனி வேலையைப் பார்ப்போம். எந்தப் பையும் கசிவை நிறுத்தாது. கசிந்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கசிவை நிறுத்துவது பாட்டிலின் வாயில். மூன்று நாளைக்கு ஐந்து பேருக்கு 50 மி.லி. தேங்காயெண்ணெய் தாராளம், பெரிய பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். திருகு மூடி உள்ள சின்ன பாட்டிலைக் கழுவி, முந்தின நாளே நன்றாகக் காயவிட்டு ஊற்றுங்கள். வாயையும் மரையையும் மூடியின் உட்புறத்தையும் உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். இரண்டு அங்குலச் சதுரமாக பிளாஸ்டிக் தாள் ஒன்றை வாயின் மேல் விரித்து, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். மிருதுவான பாட்டிலாக இருந்தால் மூடும் முன் லேசாக அமுக்கி, ஒடுங்கிய நிலையிலேயே மூடிவிடுங்கள். உள்ளே காற்று விரிந்தாலும் அந்த ஒடுக்கு நிமிரத்தான் சரியாக இருக்கும். கடைசியாக மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை, மூடி இறுகும் திசையில், இரண்டு சுற்று. துடைக்காமல் ஒட்டினால் எந்த டேப்பும் நிற்காது. மூடியதும் டிஷ்யூ தாள் மேல் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பாருங்கள். தாளில் எண்ணெய் ஊறியிருந்தால் அந்த பாட்டில் உதவாது. இந்தச் சோதனைக்காகவாவது எண்ணெயை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். கிளம்புகிற அன்று தலை பின்ன வீட்டு பாட்டில் இருக்கிறது.

தட்டித் திறக்கும் மூடியுள்ள ஷாம்பு பாட்டிலை எடுத்துப் போகவே வேண்டாம். பெட்டிக்குள் ஒரு அழுத்தம் பட்டால் போதும், திறந்துகொள்ளும். சாஷே வாங்குங்கள், காலி உறைகளைக் குளியலறையில் விட்டுவிட்டு வராதீர்கள். மறுபடி ஊட்டிக்குப் போனாலும் பாட்டில்களைக் கேரி பேக்கில் சுற்றாதீர்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சோப்பைப் பாதியாக வெட்டி உலர்ந்த பாதியைக் கொண்டுபோங்கள். பிரஷை ஈரத்தோடு மூடி போட்டு அடைத்தால் வாடை அடிக்கும், உதறிக் காயவைத்து வையுங்கள்.

எண்ணெய் வகை தனி ஜிப் பை, மற்றவை தனி ஜிப் பை. இரண்டும் துணிப்பெட்டிக்குள் போகக்கூடாது, காலடியில் நிமிர்ந்து நிற்கும் கைப்பையில் இருக்க வேண்டும். அப்புறம், ஐந்து பேர் பிரஷையும் நீங்கள் ஒருத்தியே ஏன் சுமக்கிறீர்கள்? வீட்டுக்காரர் தன் ஷேவிங் சாமானைத் தானே எடுத்து வைக்கட்டும். தலை பின்னிக்கொள்ளும் வயசுப் பெண்ணுக்குத் தன் பிரஷையும் சீப்பையும் எடுத்து வைக்கத் தெரியும்.

புடவைக்கு: உறைந்த எண்ணெயை ஸ்பூன் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கறையின் மேல் டால்கம் பவுடரைத் தடிமனாகத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் கூடாது, தேய்க்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது. மிச்சத்தை டிரைகிளீனிங் கடையில், "தேங்காயெண்ணெய்க் கறை" என்று சொல்லிக் கொடுங்கள். தைலம் என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக அந்தத் தைலம். கண்ணாடி பாட்டிலிலேயே இருக்கட்டும். கற்பூரம் சேர்ந்த தைலங்கள் சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மரையைத் துடைத்து, தாள் வைத்து மூடி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்துக்குள் நிற்க வையுங்கள். உடைந்தாலும் கசிந்தாலும் சம்படத்தோடு போகும். ராமேஸ்வரத்துக்குப் பெட்டி கட்டும் அன்று, "அத்தை, அன்னைக்குக் கொட்டினது என் எண்ணெய்தான், உங்க தைலத்தைக் கொடுங்க" என்று நீங்களே போய்க் கேளுங்கள். பிள்ளைகளும் கூட இருக்கும்போது கேளுங்கள். சம்படம் கைப்பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். தீர்த்தமாடி வந்ததும் அவர் கேட்குமுன் எடுத்துக் கொடுக்கத் தோதாக இருக்கும்.