காணிக்கை உறைக்குள் ஓட்டுக் காசு

கேள்வி: தேர்தலுக்கு முந்தின ஞாயிறு எங்கள் போதகர், அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐ வாசித்துவிட்டு, இன்ன சின்னத்துக்குத்தான் போட வேண்டும், மாற்றிப் போட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்றார். எனக்கு அந்த வேட்பாளர் மேல் நம்பிக்கை இல்லை. வேறொருவருக்குப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். மாமியார், சென்னையில் வேலை பார்க்கும் மகள் உட்பட நாலு ஓட்டுக்கு வீட்டுக்கு வந்த 2,000 ரூபாயைக்கூட அவர் தொடவில்லை, அப்படியே காணிக்கை உறையில் போட்டுவிட்டார். போதகருக்குக் கீழ்ப்படியாதது பாவமா?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ‘தொடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. தொடாத காசு உறைக்குள் எப்படிப் போனது? வாசலில் நின்று கை நீட்டி வாங்கியவர் உங்கள் கணவர்தானே. வாக்காளர் பட்டியலோடு வந்தவனுக்கு அந்தக் காசு பிறகு எங்கே போகிறது என்பது பொருட்டே இல்லை. ‘இந்த வீட்டில் நாலு’ என்று டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவனுக்குக் கிடைத்துவிட்டது.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஏழைக்குக் கொடுத்தோம், ஆலயக் கட்டட நிதியில் சேர்த்தோம் என்று எழுதுகிறார்கள். வாங்கியது தப்பு என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

மத்தேயு 27-ஐக் கணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கி, பிறகு யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியர்கள் கையில் எடுக்கிறார்கள். இது இரத்தக்கிரயம், உயிருக்குப் பேசிய விலை, காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்கிறார்கள். இயேசுவைக் கொல்ல விலை பேசியவர்களுக்கே அந்தப் பெட்டியைப் பற்றி அவ்வளவு கூச்சம் இருந்தது. உங்கள் சபையில் அது கணக்கில் ஏறிவிட்டது. லஞ்சத்தைக் குறிக்கும் ‘பரிதானம்’ என்ற சொல்லை வேதத்தில் எத்தனை முறை வாசித்திருப்பீர்கள்! அது பார்வை உள்ளவர்களையும் குருடாக்கும் என்கிறது யாத்திராகமம் 23. உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான். உறுத்த வேண்டிய இடத்தில் உறுத்தாமல், ஓட்டை மாற்றிப் போட்டதற்கு உங்களுக்கு உறுத்துகிறது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளிகள். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காசை எதற்குச் செலவழித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலே ரத்தானது.

இனி செய்ய வேண்டியது. கணவர் பொருளாளரிடம் போய் அது என்ன காசு என்பதை வாய்திறந்து சொல்லி, காணிக்கைக் கணக்கிலிருந்து அந்த 2,000-ஐ எடுக்கச் சொல்ல வேண்டும். கொண்டுவந்து கொடுத்தவனிடமே பகல் வெளிச்சத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘இருக்கட்டும் அண்ணாச்சி’ என்பான். கையில் வைத்துவிட்டு, அடுத்த தேர்தலில் எங்கள் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு வரட்டும். கமிட்டிக்காரருக்கு அது அவமானம்தான். படட்டும். நீங்களும் கூடப் போங்கள். வாங்கும்போது வாயைத் திறக்காத மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. புருஷனுக்குக் கீழ்ப்படிவது என்றால் அவர் தப்புச் செய்யும்போது பேசாமல் இருப்பது அல்ல.

இனிமேல் யாராவது சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்குக் காசோடு வந்தால், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் போட்டோவோ வீடியோவோ எடுத்து உடனே அனுப்புங்கள். இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும், பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு. தேர்தல் முடிந்தபின் அது வேலை செய்யாது, ஆகையால் ஆறப்போடாதீர்கள்.

போதகர் விஷயம் சிறியது. ரோமர் 13-ஐ வாசித்தவர் நாலாம் வசனத்தையும் வாசித்திருக்க வேண்டும். தீமை செய்கிறவனைத் தண்டிக்கத்தான் அதிகாரி பட்டயத்தை, அதாவது வாளை, பிடித்திருக்கிறான். ஆலயத்துக்குள் கட்சிக்கு ஓட்டுக் கேட்பதை, மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிரான 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, ஐந்தாண்டு வரை சிறை உண்டு. தெய்வ கோபம் வரும் என்று வாக்காளரை மிரட்டுவது நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவில் தனிக் குற்றம். இதைச் சபை நடுவில் கத்த வேண்டாம். மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாக, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். உங்கள் கணவர் கமிட்டியில் தீர்மானம் கொண்டுவரட்டும்: ஆட்சியில் உள்ளவர்களுக்காக ஜெபிப்போம், பிரசங்க பீடத்தில் சின்னமோ வேட்பாளர் பெயரோ வராது. ஆனால் உறையில் போட்ட காசைத் திருப்பாமல் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர அவருக்கு வாய் எழாது.

கடைசியாக உங்கள் மகள். சென்னையில் குடியிருக்கிறவள் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில் இருப்பதால்தான் நாலாவது 500 வந்தது. படிவம் 8-ஐ நிரப்பி, சென்னை முகவரிச் சான்றோடு ஆன்லைனில் அனுப்பினால் பெயர் அங்கே மாறிவிடும். அந்த வேலையை அவளே செய்யட்டும். அவளைக் கேட்காமல் அவள் ஓட்டுக்குக் காசு வாங்கியதை அப்பாவே போன் போட்டு அவளிடம் சொல்லட்டும்.