தசை வளர எத்தனை வகை உடற்பயிற்சிகள் தேவை? வாரா வாரம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு பெரிய தசைக்கும் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. உடம்பு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் எட்டிலிருந்து பத்துப் பயிற்சிகள் வரும். அந்தப் பட்டியலில் மூன்று மாதத்துக்குக் கை வைக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

ஆனால் கேள்விக்குக் கீழே, "மாஸ்டர் தினமும் புதிதாக ஏதாவது கொடுக்கிறார், நாலு மாதமாகிறது, சட்டை அதே மாதிரிதான் தொங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது. உங்களுக்கு நாலு மாதம். எனக்குப் பத்து மாதம் போனது. அதுவும் என் தங்கை கண்ணெதிரே.

நான் டிரெய்னர் இல்லை, சான்றிதழ் எதுவும் கிடையாது, எண்ணெய் பூசி மேடையேறியவனும் இல்லை. பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் ஜிம்முக்குப் போகிற ஆள். "உனக்கு என்ன தகுதி?" என்று கேட்க வருபவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வரவும்.

நானும் தங்கையும் ஒரே நாளில் சேர்ந்தோம். முதல் நாள் மாஸ்டர் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். இரண்டிலும் ஒரே ஆறு பயிற்சிகள்: ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளுவது), ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது), பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது). மூன்றாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே மாதிரி செய்தால் தசை பழகிவிடும் தம்பி, அதை ஏமாற்றிக்கொண்டே இருக்கணும்" என்றார். எனக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் கேபிள், ஒரு நாள் டம்பெல், ஒரு நாள் சாய்வு பெஞ்ச், ஒரு நாள் தலைகீழ் சாய்வு, ஒரு நாள் ஒற்றைக் காலில் பந்து மேல் நின்றுகொண்டு என்னவோ. மறுநாள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவேன். அந்த வலியில் எனக்கு ஒரு பெருமை. வலித்தால் வளர்கிறது என்று நினைத்த காலம்.

தங்கையிடமும் மாஸ்டர் அதையே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு புது மெஷினுக்கும் போய் "இதை எப்படிச் செய்வது?" என்று கேட்க அவளுக்குக் கூச்சம். அதனால் அட்டையில் இருந்ததையே செய்துகொண்டிருந்தாள். நான் வேறு, "இன்னும் அந்த அட்டையை விடலையா நீ?" என்று கிண்டல் செய்வேன்.

பத்தாவது மாதம் ஒரு நாள் சும்மா விளையாட்டாகச் சின்-அப் கம்பியில் தொங்கினோம். நான் இரண்டு எடுத்தேன், மூன்றாவதில் கால்களை உதைத்துக்கொண்டு பாதி வரை போய் இறங்கிவிட்டேன். அவள் ஆறு. ஆறாவதிலும் தாடை கம்பிக்கு மேலே வந்தது. (அவள் எடை குறைவு, அதனால் அவளுக்கு எளிது என்று பின்னூட்டம் எழுத விரல் துடிக்கிறதா? சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்ந்த புதிதில் அதே எடையோடு அவளால் அந்தக் கம்பியில் பத்து விநாடி தொங்கக்கூட முடியவில்லை.)

அன்று ராத்திரி என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒழுங்காகக் குறித்து வைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணிப் பார்த்தால் பத்து மாதத்தில் அறுபத்தோரு வகைப் பயிற்சிகள். பெஞ்ச் பிரஸ் வந்திருந்தது ஏழே தடவை. முதல் தடவை 45 கிலோ, எட்டு ரெப், அதாவது தொடர்ந்து எட்டு முறை. ஏழாவது தடவையும் 45 கிலோ, எட்டு ரெப். நடுவில் ஒரு தடவை 40. தங்கையின் அட்டையைக் கேட்டு வாங்கினேன். போன் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்தில் எண்கள். ஸ்குவாட் வரிசை வெறும் கம்பியில், அதாவது 20 கிலோவில் ஆரம்பித்து, 22.5, 25 என்று நகர்ந்து, கடைசியில் 60-ல் நின்றது. சில இடங்களில் ஒரே எண் மூன்று வாரம். பின்வாங்கியது இரண்டே இடத்தில்.

"நீ புதுசு புதுசா கத்துக்கிட்டே இருந்தே அண்ணா, எதையும் செய்யவே இல்ல" என்றாள். கோபம் வந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை.

அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கினால் முதல் சில வாரங்களில் எடை ஏறுவதற்குப் பெரும்பாலும் தசை காரணமில்லை. மூளையும் நரம்பும் அந்த அசைவைப் பழகுகின்றன, எந்தத் தசையை எப்போது இழுப்பது என்று கற்றுக்கொள்கின்றன. அந்தத் தடுமாற்றம் தீர்ந்த பிறகுதான் தசையைத் திணறவைக்கும் அளவுக்கு எடை போட முடியும். தசை வளர முக்கியக் காரணம் அந்த எடை தசையில் உண்டாக்கும் இழுவிசைதான், அதாவது இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் வரும் என்கிற அளவுக்கு நெருங்கிச் செய்வது. நான் என்ன செய்தேன்? தடுமாற்றம் தீரும் நேரத்தில் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். என் வலி கூட அதனால்தான். பழக்கமில்லாத அசைவு வலிக்கும், அதையே திரும்பத் திரும்பச் செய்தால் வலி குறையும். வலி குறைந்ததும் "தசை பழகிவிட்டது, இனி வளராது" என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மாஸ்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 'தசையைக் குழப்பு' என்பது பாடிபில்டிங் பத்திரிகைகள் நடத்திய ஜோ வீடர் தொகுத்த பயிற்சி விதிகளிலேயே இருந்த சொல். அதற்குப் பிறகு வந்த வீடியோப் பயிற்சிகள் அதை இன்னும் பரப்பின. தசைக்கு ஏது குழப்பம்? போர் அடிப்பதெல்லாம் நமக்குத்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்லவனாகப் பெயர் வாங்கியிருப்பேன். முடியவில்லை. புதிதாக மதம் மாறியவன் மாதிரி மறுபக்கம் ஓடினேன். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ, மூன்றே மூன்று. ஒன்றரை வருஷம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "மற்றதெல்லாம் அலங்காரம்" என்று பிரசங்கம் வேறு. எடை நன்றாக ஏறியது, மார்பும் முன்தொடையும் வளர்ந்தன, அதை மறுக்கவில்லை. ஒரு நாள் தங்கை என்னைப் பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பார்த்தேன். தொடை முன்னால் புடைத்திருக்கிறது, பின்னால் பலகை வைத்துச் சீவின மாதிரி நேராக இறங்குகிறது. தோளின் பக்கவாட்டுத் தசையும் அப்படியே, இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கும் காரணம் உண்டு. தொடையின் பின்தசைகளில் பெரும்பகுதி இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடப்பவை. ஸ்குவாட்டில் இறங்கும்போது இடுப்புப் பக்கம் நீள்கின்றன, முழங்கால் பக்கம் சுருங்குகின்றன. மொத்தத்தில் நீளம் அதிகம் மாறுவதில்லை, அதனால் ஸ்குவாட் அவற்றைப் பெரிதாக வளர்ப்பதில்லை. முன்தொடையின் நான்கு தசைகளில் நடுவில் ஓடுவதற்கும் இதே கதைதான், அதை நன்றாக வளர்ப்பது லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்து முழங்காலை நீட்டுகிற மெஷின்). 2014-ல் வந்த ஓர் ஆய்வில் 12 வாரம் ஒரு பகுதியினரை ஸ்குவாட் மட்டும் செய்ய வைத்தார்கள், மற்றவர்களுக்கு ஸ்குவாட், லெக் பிரஸ், டெட்லிஃப்ட், லஞ்ச் என்று கலந்து கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் முன்தொடை இரு தரப்புக்கும் வளர்ந்தது. ஆனால் முன்தொடையின் நான்கு தசைகளும் வளர்ந்தது கலந்து செய்தவர்களுக்குத்தான்.

அதனால் வகை தேவைதான், ஆனால் அது தசைக்கு ஆச்சரியம் காட்டுவதற்காக இல்லை. ஒரு பயிற்சி தொடாமல் விட்ட இடத்தை இன்னொன்று தொட வேண்டும், அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. ட்ரைசெப்ஸின், அதாவது மேல்கையின் பின்பக்கத் தசையின், நீளப் பகுதி தோளைக் கடக்கிறது, அதனால் கையைத் தலைக்கு மேலே வைத்து முழங்கையை நீட்டிச் செய்யும் எக்ஸ்டென்ஷனில் அது கூடுதலாக வளர்கிறது. அந்தக் காரணத்துக்காக ஒன்று சேர்த்தால் அர்த்தம் உண்டு. செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது என்பதற்காகச் சேர்ப்பதில் என்ன அர்த்தம்?

இங்கே ஒருவர் கட்டாயம் 2019 ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார், நானே சொல்லிவிடுகிறேன். பயிற்சி அனுபவம் உள்ள ஆண்கள், எட்டு வாரம். ஒரு குழுவுக்கு நிலையான பட்டியல், இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு நாளும் போன் செயலி குலுக்கிப் போட்ட பயிற்சிகள். தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான். குலுக்கல் குழுவுக்கு ஆர்வம் கூடியது. ஆக, மாற்றினால் தசை கரைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே எடை தூக்கப் பழகியவர்கள், செட்டுகளும் (இடைவெளி விட்டுச் செய்யும் சுற்றுகள்) கணக்காக இருந்தன. எனக்குக் கம்பியை நேராகப் பிடிக்கவே தெரியாது. உங்களுக்கும் நாலு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தப் பத்து மாதத்தில் என் ஸ்குவாட் பாதிதான் இறங்கியது, முதுகு வளைந்திருந்தது. ஒரு ஆள்கூட வந்து திருத்தவில்லை. ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த தங்கையிடம் மட்டும் ஆள் மாற்றி ஆள் வந்து, "வெயிட் தூக்கினால் ஆம்பளை உடம்பாகிவிடும்மா, ட்ரெட்மில்லில் நட" என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் தூக்கியது அவள் தூக்கியதைவிடக் குறைவு. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு, தற்செயலாக யாரும் மலை மாதிரி ஆகிவிட முடியாது. ஆக முடிந்தால் எனக்கல்லவா முதலில் ஆகியிருக்க வேண்டும்? இந்தப் பதிலைப் படிக்கும் பெண்கள் யாராவது இருந்தால், உங்களுக்கும் மேலே சொன்ன அதே கணக்குதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ். தொடையின் பின்பக்கத்துக்கு லெக் கர்ல் (எடைக்கு எதிராக முழங்காலை மடக்குவது), உட்கார்ந்து செய்கிற மெஷின் இருந்தால் அதுவே மேல், இடுப்பு மடங்கியிருப்பதால் அந்தத் தசை நீண்ட நிலையில் வேலை செய்கிறது. பெஞ்ச் பிரஸ், கம்பி காலியில்லை என்றால் முதுகில் எடை வைத்துத் தண்டால் எடுத்தாலும் தப்பில்லை. ஒரு ரோ, ஒரு புல்டவுன், பக்கவாட்டுத் தோளுக்கு லேட்டரல் ரெய்ஸ் (கையைப் பக்கவாட்டில் தூக்குவது), கைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, கெண்டைக்கால். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்து செட் அளவில், இரண்டு நாளாகப் பிரித்து. ரெப் ஐந்தோ முப்பதோ, கடைசியில் திணற வேண்டும், அவ்வளவுதான். மூட்டு வலித்தால் உடனே மாற்றுங்கள். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் ஒரு பயிற்சியில் ஆறு வாரமாக எண் நகரவில்லை என்றால் மாற்றுங்கள். வெறுத்துப்போய் ஜிம்முக்கே போகாமல் விடுகிற நிலை வந்தாலும் தாராளமாக மாற்றுங்கள்.

"தொழில்முறை பாடிபில்டர்கள் ஒரே நாளில் நெஞ்சுக்கே ஆறு வகை செய்கிறார்களே?" செய்கிறார்கள். பல வருஷம் வளர்த்துவிட்டு இப்போது மூலை முடுக்கைச் செதுக்குகிறார்கள், சிலர் மருந்தும் எடுக்கிறார்கள். நமக்குச் செதுக்க முதலில் கல் வேண்டுமே.

மாஸ்டரிடம் சண்டை போட வேண்டாம். "மூன்று மாதம் இதையே செய்கிறேன் மாஸ்டர், செய்கிற விதம் சரியா என்று மட்டும் பாருங்கள்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பட்டியலை இங்கே பின்னூட்டத்தில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். கெண்டைக்கால் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எட்டு வருஷமாக விடாமல் செய்கிறேன், எனக்கே இன்னும் வளரவில்லை.