சுங்கம் அனுமதித்த கரியைக் கப்பல் ஏன் மறுக்கிறது?

கேள்வி: காங்கேயம் அருகே தேங்காய்த் தொட்டிக்கரியைப் பொடித்து, ஹூக்காவுக்கும் அடுப்புக்குமான கரிக்கட்டிகளாக அழுத்தி விற்கும் சிறு தொழில் நடத்துகிறேன். நான்கு ஆண்டுகளாகத் தூத்துக்குடி வழியாகத் துபாய்க்கு அனுப்புகிறேன். ஓர் ஆய்வகச் சான்றை வைத்துக்கொண்டு சாதாரணச் சரக்காகவே போய்க்கொண்டிருந்தது. இந்த முறை சுங்கத்துறை ஏற்றுமதிக்கு அனுமதி கொடுத்த பிறகும், ஆபத்தான சரக்கு என்று சொல்லிக் கப்பல் நிறுவனம் புக்கிங்கை ரத்து செய்துவிட்டது. கன்டெய்னர் துறைமுகத்துக்கு வெளியே சரக்கு நிலையத்தில் நிற்கிறது. ஷிப்பிங் பில்லில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணத்தில், 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்று திருத்திவிட்டால் வேறு கப்பலில் ஏற்றிவிடலாம் என்கிறார் முகவர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் குழப்பம் நியாயமானது. அரசாங்கமே அனுமதித்த சரக்கை ஒரு தனியார் கப்பல் எப்படி மறுக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். சுங்கத்துறை பார்ப்பது வேறு, கப்பல் பார்ப்பது வேறு. பொருள் தடை செய்யப்பட்டதா, எழுதிய பெயரும் மதிப்பும் எடையும் சரியா, சலுகைத் தொகை சரியாகக் கோரப்பட்டிருக்கிறதா என்பதைச் சுங்கம் பார்க்கிறது. அந்தப் பொருள் நடுக்கடலில் தீப்பிடிக்குமா என்பது கப்பல் தலைவனின் கவலை. அதற்கென்று உலகம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு இருக்கிறது. ஐஎம்டிஜி என்பார்கள். இந்தியக் கொடியுடன் ஓடும் கப்பலானாலும் வேறு எந்தக் கொடியுடன் ஓடும் கப்பலானாலும் அதுதான் சட்டம்.

அந்தத் தொகுப்பில் கரிக்கு யூ.என். 1361 என்ற, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் உண்டு. வகுப்பு 4.2, அதாவது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள். புதிதாகச் சுட்ட கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும்; உறிஞ்சும்போது சூடு பிறக்கும். திறந்தவெளியில் பரப்பி வைத்தால் அந்தச் சூடு போய்விடும். மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வெயிலில் நிறுத்தினால் எங்கே போகும்? நடுவிலுள்ள மூட்டைக்குள்ளேயே தங்கி, நாளுக்கு நாள் ஏறும். 2015 முதல் 2022 வரை மட்டும் கரியால் குறைந்தது 68 தீ விபத்துகள் நேர்ந்ததாகக் கன்டெய்னர் கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்பே கணக்குச் சொல்லியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி நேர்மையாகக் 'கரி' என்று எழுதி அனுப்பிய சரக்கு அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். பெயரை மறைத்த பெட்டியைக் கப்பலில் எங்கே வேண்டுமானாலும் வைப்பார்கள், எஞ்சின் அறையின் சூடு படும் இடத்திலும் வைப்பார்கள். வைப்பவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

நான்கு ஆண்டுகள் தடையில்லாமல் போனதற்கு நீங்கள் சொல்லும் ஆய்வகச் சான்றுதான் காரணம். சுயமாகச் சூடேறும் சோதனையில் கரி தேறிவிட்டால் அது ஆபத்தான சரக்கு இல்லை என்று முன்பு ஒரு விலக்கு இருந்தது. ஒரு சிறு கனசதுரக் கூண்டில் கரியை நிரப்பி, 140 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். சோதனையைக் குறை சொல்ல மாட்டேன். சோதனைக்குப் போன கரியும் கப்பலுக்குப் போன கரியும் ஒன்றா என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் கிடங்கில் கிடந்த ஆறிய கரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கி, நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததை ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். ஒரே சான்றின் நகலை மூன்று ஏற்றுமதியாளர்களுக்கு விற்ற முகவரையும் தெரியும். விதித்தொகுப்பின் 42-24 என்ற திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. 2025-இல் அது விருப்பத்தின் பேரில் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். உங்கள் கரி எந்தச் சோதனையில் தேறினாலும் இனி ஆபத்தான சரக்காகத்தான் போக வேண்டும். இதைச் சொல்ல ஒரு தாள், தமிழில் ஒரே ஒரு தாள், காங்கேயத்திலும் பொள்ளாச்சியிலும் உள்ள சிறு ஆலைகளுக்கு யாரும் அனுப்பவில்லை. புக்கிங் ரத்தாகும் நாளில்தான் விதி மாறியதே தெரிகிறது. இந்த அலட்சியத்தை எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை.

இனி முகவர் காட்டும் குறுக்கு வழிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆக்டிவேட்டட் கார்பன் என்பதும் பெரும்பாலும் தொட்டிக்கரியிலிருந்து வருவதுதான். ஆனால் அந்தக் கரியை மறுபடியும் உலையில் ஏற்றி, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்தி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளைத் திறக்கிறார்கள். இப்படி நீராவி முறையில் தயாரித்த கார்பனுக்கு ஐஎம்டிஜி விதிகளிலிருந்து முழு விலக்கு உண்டு. வேதிப்பொருள் கொண்டு தயாரித்த கார்பனுக்கு இந்த விலக்கு கிடையாது, அதற்கு யூ.என். 1362 என்ற எண்ணும் அதே 4.2 வகுப்பும்தான். ஆகவே விலக்கு பெயருக்கு அல்ல, தயாரிப்பு முறைக்கு. உங்களிடம் நீராவி உலை இருக்கிறதா? கொதிகலன் உரிமம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் பொருள் ஆக்டிவேட்டட் கார்பன் அல்ல. மாவுப்பசை சேர்த்துக் கட்டியாக அழுத்தினாலும் கரி கரிதான். பொன்னிறப் பெட்டியில் போட்டு இயற்கைத் தேங்காய்ப் பொருள் என்று அச்சடித்தாலும் கரிதான்.

சுங்கத்தின் கோணத்தில் இது இன்னும் மோசம். கரிக்குச் சுங்க வரிசை எண் 4402; தொட்டிக்கரியும், அழுத்திய கட்டியும் அதற்குள்ளேயே வருகின்றன. ஆக்டிவேட்டட் கார்பனுக்கு 3802. ஏற்றுமதிச் சலுகைத் தொகை இந்த எண்ணைப் பொறுத்து மாறும். எண்ணை மாற்றினால் கடல் விதியை மட்டுமல்ல, கருவூலத்தையும் ஏமாற்றியதாகிவிடும். சுங்கச் சட்டத்தின் 113-ஆம் பிரிவின்படி சரக்கைப் பறிமுதல் செய்யலாம். தெரிந்தே பொய்யான ஆவணத்தில் கையெழுத்திட்டால், 114ஏஏ பிரிவின்படி சரக்கு மதிப்பின் ஐந்து மடங்கு வரை அபராதம். முகவர் எழுதினார், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க 147-ஆம் பிரிவு இடம் தராது. முகவர் செய்தது உங்களுக்குத் தெரிந்தே நடந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கப்பல் நிறுவனங்களின் அபராதம் தனி. 2019-லேயே சில நிறுவனங்கள் பொய்ப் பெயரில் வரும் ஒரு கன்டெய்னருக்கு 15,000 டாலர் என்று அறிவித்துவிட்டன. வழியில் தீப்பிடித்தால் அந்தக் கணக்கை நான் இங்கே எழுத விரும்பவில்லை. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலை நம் கரையோர மீனவர்கள் இன்னும் மறக்கவில்லை. அங்கே கசிந்தது நைட்ரிக் அமிலம். ஆனால் ஒரு பெட்டியில் தொடங்கியது ஒரு கடலையே பாழாக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு பொறி. பொடி மலிவாகக் கிடைக்கிறது என்று சீமைக்கருவேலங்கரியைக் கலக்கச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். மரக்கரி ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. 2022-இல் மூங்கில் கரிக்குக் கதவைத் திறந்தார்கள், கருவேலுக்குத் திறக்கவில்லை.

சரி, நேர்வழி என்ன? நினைப்பதுபோல் மலையல்ல. கரியைச் சுட்ட பிறகு மூட்டை கட்டும் முன் 14 நாட்கள் காற்றாட வையுங்கள், மழை படாமல். மூட்டை கட்டும் நாளில் கரியின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கம்பி வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகிப் பார்த்துக் குறித்து வையுங்கள். தயாரித்த நாள், மூட்டை கட்டிய நாள், அன்றைய வெப்பம் ஆகிய மூன்றும் சரக்கு ஆவணத்தில் இருக்க வேண்டும். பையோ அட்டைப்பெட்டியோ ஆபத்தான சரக்குக்கான யூ.என். முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். இந்திய பேக்கேஜிங் நிறுவனம் சோதித்துச் சான்று தருகிறது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. முத்திரை குத்திய பையை விற்கிறோம் என்று யாராவது சொன்னால் சான்றின் எண்ணையும் முடியும் தேதியையும் கேளுங்கள். கன்டெய்னருக்குள் கூரைக்குக் கீழே 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். அடுக்கு 1.5 மீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால், 16 கன மீட்டருக்கு மிகாத தொகுதிகளாகப் பிரித்து, நடுவே 15 செ.மீ. விட வேண்டும். நான்கு பக்கமும் மேல்பாதி வெள்ளையும் கீழ்பாதி சிவப்புமான 4.2 வைரக்குறியும் 1361 என்ற எண்ணும் ஒட்ட வேண்டும். ஆபத்தான சரக்கு உறுதிமொழிப் படிவத்திலும் கன்டெய்னரில் அடுக்கிய சான்றிலும் கையெழுத்திடுபவர், அடுக்கும்போது அங்கே நின்றவராக இருக்கட்டும். முகவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. அதை நான் எங்கே கண்டாலும் கண்டிக்கிறேன்.

புக்கிங்குக்கு முன்கூட்டியே நாள் ஒதுக்குங்கள். தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். இரண்டு கப்பல்களும், இடையிலுள்ள துறைமுகமும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்துச் சரக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அதைக் கப்பல் நிறுவனத்தின் பில்லிலேயே பார்த்துக் கொடுங்கள். முகவர் தன் தாளில் 'ஹசார்டஸ் சார்ஜ்' என்று ஒரு மொத்தத் தொகை எழுதினால் மூலப் பில்லைக் கேளுங்கள். சுங்க வேலையைச் செய்பவரிடம் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி எடுத்த கஸ்டம்ஸ் புரோக்கர் உரிமம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடுத்தவர் உரிமத்தில் வேலை பார்க்கும் ஆட்களிடம்தான் இந்த மாதிரி யோசனைகள் பிறக்கின்றன.

இப்போது நிற்கும் பெட்டிக்கு வருவோம். சாதாரணப் பையில் அடைத்து, கூரை வரை அடுக்கியிருப்பீர்கள். அதை அப்படியே புதிய பெயரிட்டு ஏற்ற முடியாது. ஏற்றுமதி அனுமதி ஆகிவிட்டதால், வெளியே எடுக்கச் சுங்கத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 'பேக் டு டவுன்' அனுமதி என்று அங்கே கேட்டால் தெரியும். கப்பல் நிறுவனம் புக்கிங்கை மறுத்த மின்னஞ்சலையே காரணமாக இணையுங்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் சரக்கு நிலைய வாடகை ஏறும். நாளை காலையே விண்ணப்பம் கொடுங்கள். பெட்டியை நிழலில் மாற்றி நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே இருப்பது கரி என்று நிலைய மேலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். கதவைத் திறக்கும்போது முன்வரிசை மூட்டையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரையும் உள்ளே ஏற விடாமல் முதலில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.