கையெழுத்துப் போட்ட பிறகு நல்ல வேலை வந்தால்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் 16 வருடமாக ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை. ஆள் எடுப்பது, ஆள் போவது இரண்டையும் தினமும் பார்ப்பவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உம்ஹ்லாங்காவில் ஒரு கம்பெனியின் அக்கவுண்டன்ட் வேலை ஆஃபர் லெட்டரில் இரண்டு வாரம் முன்பு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்றாம் தேதி சேர வேண்டும். நேற்று சாண்ட்டனிலிருந்து மாதம் 12,000 ரேண்ட் கூடுதலாக இன்னொரு ஆஃபர். பின்வாங்கினால் கேஸ் போடுவார்களா?

தம்பி, இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. கையெழுத்திட்ட கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தாலே அது ஒப்பந்தம்தான். முதல் நாள் வேலைக்குப் போன பிறகுதான் ஒப்பந்தம் என்பது நம் ஆட்களின் கற்பனை. கையெழுத்துப் போட்டு இன்னும் வேலையில் சேராதவரும் சட்டப்படி ஊழியர்தான் என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றமே 2005ல் சொல்லிவிட்டது. அது ஊழியருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு. ஆனால் ஊழியர் என்றால் உங்களுக்கும் கடமை உண்டுதானே.

கம்பெனிக்கு இரண்டு வழி. ஒப்பந்தப்படி வந்து வேலை பார் என்று நீதிமன்றம் போகலாம். இல்லையென்றால் போகட்டும் என்று விட்டுவிட்டு நஷ்ட ஈடு கேட்கலாம். நஷ்ட ஈடு கேட்டால் நஷ்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். சேரவே சேராத ஒரு அக்கவுண்டன்டால் எத்தனை ரேண்ட் நஷ்டம் என்று காட்டுவதற்குள் வக்கீல் ஃபீஸ் அதைத் தாண்டிவிடும். அதனால் பெரும்பாலும் யாரும் போவதில்லை. நான் பார்த்தவரை ஒருவரும் போனதில்லை. ஆனால் சேரும் போனஸோ வீடு மாற்றும் செலவோ முன்பணமாக வாங்கியிருந்தால் கதை வேறு. அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடிதத்தில் நோட்டீஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே படியுங்கள். சேரும் முன்பே விலகினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று சிலர் தனியாக ஒரு வரி போட்டிருப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு என்றால் 1997ம் வருடச் சட்டம் இருக்கிறது: ஆறு மாதம் வரை ஒரு வாரம், அதற்கு மேல் ஒரு வருடத்துக்குள் இரண்டு வாரம், ஒரு வருடம் ஆகிவிட்டால் நான்கு வாரம்.

அப்புறம், முக்கியமானது. போன் பண்ணுங்கள். முதலில் போன், அதே நாளில் மெயில். போன வருடம் ஒரு திங்கட்கிழமை புது ஆளுக்காக ரிசப்ஷனில் நின்றேன். லேப்டாப் பெட்டி, பார்க்கிங் கார்டு, கழுத்தில் மாட்டும் அட்டை எல்லாம் மேஜை மேல் தயார். பத்தரை வரை நின்றேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் லிங்க்ட்இன்னில் வேறு கம்பெனி பெயரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். வராதது கூடப் பரவாயில்லை. அந்தப் பத்தரை மணியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பொய்க் காரணம் வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதீர்கள். "வேறொரு வேலை கிடைத்திருக்கிறது, அதை எடுக்க முடிவு செய்தேன், உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள்." இவ்வளவு போதும்.

மிட்ராண்டில் ஐ.டி. வேலை. சென்னையிலிருந்து கம்பெனி அனுப்பியது. இங்கேயே வேறு கம்பெனியில் கையெழுத்துப் போட்டேன். இப்போது மூன்றாவது ஒன்று வந்திருக்கிறது. எதை எடுக்கலாம்?

நிறுத்துங்கள். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து விசா ஸ்டிக்கரில் நிபந்தனை என்ற வரியைப் படியுங்கள். தாய்க் கம்பெனி அனுப்பி வந்தவர்களுக்குக் கொடுக்கும் விசா நான்கு வருடத்துக்கு; அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான். சாதாரண வேலை விசாவும் அதில் பெயர் போட்ட முதலாளியோடு கட்டியது. புதுக் கம்பெனிக்கான விசா கைக்கு வராமல் இரண்டாவதில் சேர முடியாது, மூன்றாவதிலும் முடியாது. எதை எடுக்கலாம் என்பது உங்கள் கேள்வியே இல்லை. குடிவரவு வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்டு மறுத்தால் எல்லாக் கம்பெனியிலும் பிளாக்லிஸ்ட் ஆகிவிடுமாமே?

அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. ஆனால் உங்களை அனுப்பிய ஏஜென்சிக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு. டர்பன் சின்ன ஊர்.

நான் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறவன், வயது 71. என் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கைநாட்டு வைத்து ஐந்து வருடம் கரும்பு வெட்டினார். வாக்குத் தவறவில்லை. நீங்கள் பிள்ளைகளுக்கு வாக்கை மீறச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

ஐயா, வணக்கம். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 1860ல் ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து முதன்முதலாக இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் முதல், கைநாட்டு வைத்த யாருக்கும் போகிற வழி இருந்ததா? அன்றைக்கு மற்ற வேலைக்காரர் சொல்லாமல் போனால் முதலாளி சிவில் வழக்குத்தான் போடலாம். ஒப்பந்தக் கூலி போனால் கிரிமினல் வழக்கு, சிறை. வெளியே போனால் ஜெயில் என்கிற இடத்தில் உள்ளே இருந்ததை வாக்குத் தவறாமை என்று எப்படிச் சொல்வது?

பாலசுந்தரம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1890களில் டர்பனில் முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றவர், நம் தமிழர். காந்தி அவருக்கு வாங்கிக் கொடுத்தது என்ன? வேறொரு முதலாளி. ஒப்பந்தத்தை மாற்றித்தான் கொடுத்தார். 1913ல், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய கூலிகள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரிக்கு எதிராகச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை விட்டு வெளியே வந்தவர்களும் கைநாட்டு வைத்தவர்கள்தானே?

பாலசுந்தரம் அடி வாங்கினான் அம்மா. அந்தத் தம்பியை யார் அடித்தார்கள்? 12,000 ரேண்ட்தானே?

சரி, இதில் ஐயா ஜெயித்தார். பல் உடைந்தவனையும் சம்பளம் கூட வேண்டும் என்பவனையும் ஒரே தட்டில் வைத்தது என் தப்பு. ஆனாலும் வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீஸும் கட்டுகிறவனுக்கு 12,000 சின்னக் காசு இல்லை. அதற்காகப் போகிறவன் சொல்லிவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கட்சி.

ஐயா சொல்வதுதான் சரி. கம்பெனி நம்பி மற்ற ஆட்களை அனுப்பிவிட்டதே, அது பாவம் இல்லையா?

அதனால்தான் இன்றே போன் பண்ணச் சொல்கிறேன். இரண்டாவதாக வந்தவரின் நம்பர் முதல் வாரம் வரை ஹெச்.ஆரிடம் இருக்கும். மூன்றாவது வாரம் அவர் வேறெங்கோ சேர்ந்திருப்பார்.

கம்பெனி மட்டும் வாக்கு மாறலாமா? எனக்குக் கையெழுத்துப் போட்ட ஆஃபரை சேருவதற்கு நான்கு நாள் முன்பு ரத்து செய்தார்கள். பழைய வேலையையும் விட்டுவிட்டேன்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். மேலே சொன்ன 2005 தீர்ப்பு உங்களுக்காகவே வந்தது. சேராவிட்டாலும் நீங்கள் ஊழியர். ரத்து செய்தது பணிநீக்கம் ஆகலாம். தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் 30 நாளுக்குள் புகார் கொடுங்கள். படிவம் 7.11. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ரத்து செய்த மெயில், கையெழுத்திட்ட கடிதம், பழைய கம்பெனிக்கு நீங்கள் கொடுத்த ராஜினாமா மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதவில்லையே? 30 தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிப்புக் கேட்கும் மனு சேர்க்க வேண்டும். இன்றைக்கே தொடங்குங்கள்.

பிளாக்லிஸ்ட் செய்வார்களா அக்கா?

மேலே பாருங்கள்.

இரண்டாவது கம்பெனி போட்டிக் கம்பெனி. இப்போது இருக்கும் இடத்தில் போட்டியாளரிடம் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதெல்லாம் சும்மா மிரட்டல்தானே?

இல்லை. 1984ல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து இங்கே இது செல்லும். நியாயமில்லாதது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். வாடிக்கையாளர் பட்டியல் உங்கள் கையில் இருந்தால் வக்கீலிடம் போய்விட்டு வாருங்கள்.

இப்போதிருக்கும் கம்பெனி போகாதே, சம்பளம் ஏற்றுகிறோம் என்கிறது. புது இடத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

எத்தனை வருடமாக ஏற்றாததை இன்று எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மொரீஷியஸில் இருக்கிறேன். அங்கே சட்டம் எப்படி?

எனக்குத் தெரிந்தது தென்னாப்பிரிக்கா. அங்கே தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை சொல்லலாமா, புதன்கிழமையா? நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

ராகுகாலத்தில் சொன்னாலும் பரவாயில்லை, இன்றைக்குச் சொல்லுங்கள்.

சாண்ட்டன் கம்பெனி வாயால் உறுதி சொல்லிவிட்டது, கடிதம் திங்கட்கிழமை. முதல் கம்பெனியிடம் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடவா?

கடிதம் வரட்டும். வந்து, நீங்கள் கையெழுத்துப் போட்டு, அவர்களுக்குக் கிடைத்தது என்று பதில் வரட்டும். அப்புறம் சொல்லுங்கள். "இன்றே சொல்" என்பது கடிதம் கையில் உள்ளவருக்கு. இதை இன்று எத்தனை முறை மெயிலில் எழுதினேன் என்று எண்ணவில்லை. வாய் உறுதியை நம்பி வேலையை விட்டவர் வீட்டுக்கு மளிகை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிளாக்லிஸ்ட்...

தம்பி!

அக்கா, முதல் கேள்வி கேட்டவன்தான். போன் பண்ணிவிட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், சொன்னதற்கு நன்றி என்றார். உங்களைப் போல் வேறு யாராவது தெரியுமா என்றும் கேட்டார்.

தெரிந்தால் அவருக்கு அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள், எங்களிடமும் ஓர் அக்கவுண்டன்ட் இடம் காலி.