ஒரு கட்டத்தில்கூட முதலில் வராதவர் பெண்கள் டூர் டி பிரான்ஸை எப்படி ஜெயித்தார்?

கேள்வி 2024-இல் நடந்த அந்தச் சைக்கிள் பந்தயத்தைப் பற்றியது; ஜெயித்தவர் போலந்தின் காசியா நிவியதோமா. கட்டம் என்பது பந்தயத்தின் ஒரு பகுதி ஓட்டம். சுருக்கமாகச் சொன்னால், பார்ப்பது மொத்த நேரத்தைத்தான். கல்லணையிலிருந்து தஞ்சாவூர் ஒரு நாள், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் மறுநாள், அங்கிருந்து பூம்புகார் மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே மஞ்சள் சட்டை.

அந்த வருஷம் 7 நாளில் 8 கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தில் நெதர்லாந்தின் டெமி வோலரிங் கீழே விழுந்து ஒன்றே முக்கால் நிமிடத்துக்குமேல் இழந்தார். மஞ்சள் சட்டை நிவியதோமாவுக்குப் போனது. அல்ப் துவெஸ் மலையில் முடியும் கடைசி நாள் கட்டம் தொடங்கும்போது வோலரிங் அவரைவிட 1 நிமிடம் 15 விநாடி, அதாவது 75 விநாடி, பின்தங்கியிருந்தார். மலையுச்சிக்கு முதலில் வந்தவர் வோலரிங்தான். நிவியதோமா 1 நிமிடம் 1 விநாடி கழித்து நான்காவதாக வந்தார். முதலிடத்துக்கு மொத்த நேரத்தில் 10 விநாடி சலுகை உண்டு. சரி, கூட்டிப் பாருங்கள்: வோலரிங் மீட்டது 71 விநாடி. வெறும் 4 விநாடியில் பட்டம் நிவியதோமாவுக்கு!

நம் டெல்டாவில் மலை ஏது என்பீர்கள். ஆனால் ஆடிக்காற்றில் வயல்வெளிச் சாலையில் சைக்கிள் மிதித்தவருக்குத் தெரியும், எதிர்காற்றும் ஒரு மலைதான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும். அணித் தோழிகள் மாறி மாறி முன்னே போய்க் காற்றை வாங்கிக்கொள்வது தலைவியின் காலில் தெம்பு மிஞ்சத்தான்.