சொந்த வகுப்புப் பிள்ளைகளையே பிஎச்.டி. ஆய்வுக்கு எடுக்கலாமா?

தர்மபுரி மாவட்ட அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எம்.எட். 61 விழுக்காட்டில் முடித்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றி, வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. செய்ய ஆசை. எம்.ஃபில். இல்லாமல் முடியுமா? என் வகுப்புப் பிள்ளைகளையே ஆய்வுக்கு எடுக்கலாமா?"

முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகளோடு எம்.ஃபில். படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. முதுநிலையில் 55 விழுக்காடு இருந்தால் போதும். பகுதிநேரமாகச் சேர, வேலை பார்க்கும் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது கைக்கு வர நாளாகலாம், இப்போதே எழுதிப் போடுங்கள். 2024 முதல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்தும் சேர்க்கை நடக்கிறது: நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. சொந்த நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு என்பதால், சேரப்போகும் இடத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்.

சரி, இனி ஆய்வுக்கு வருவோம். 'வாசிக்கத் திணறும் பிள்ளைகள்' என்பது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. கள வேலையில் ஒரு சிறுமியோடு உட்கார்ந்திருந்தேன். பாடத்தைக் கடகடவென்று படித்தாள். குரல் மூன்றாம் வரியை முடித்தபோது விரல் இரண்டாம் வரியிலேயே இருந்தது. மனப்பாடம்! அவள் பார்த்திராத பக்கம் ஒன்றைக் காட்டினேன். 'கொடி' என்ற சொல்லை 'கெடி' என்றாள். கொம்பைப் (ெ) பார்த்தாள், துணைக்காலை (ா) விட்டுவிட்டாள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்யொலிக்குப் பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நின்று ஒரே ஒலியைத் தருகின்றன. ஏழு வயதுக் கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வேலை!

ஆங்கில வாசிப்புத் தேர்வு எதிலும் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. அந்தத் தேர்வை அப்படியே தமிழாக்கி ஆய்வுக் கருவி என்று வைக்கும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. 'ஒகர, ஓகார உயிர்மெய்களைப் புதிய சொல்லில் மட்டும் தவறவிடுகிறார்களா, பாடத்தில் பழகிய சொல்லிலுமா?' என்று கேட்டுப் பாருங்கள். இது ஒருவரே வேலைக்கு நடுவில் செய்து முடிக்கக்கூடிய கேள்வி. சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முடிவுரையைவிடப் பின்னிணைப்பில் இருக்கும் கருவியை நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. கருவியை உருவாக்க உங்கள் வகுப்பைக் கவனிப்பது நல்லது. ஆனால் முதன்மைத் தரவை அங்கே எடுக்க வேண்டாம் என்பேன். டீச்சர் கேட்டால் எந்தப் பிள்ளை 'மாட்டேன்' என்று சொல்லும்? அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்து ஒன்றியப் பள்ளிகளுக்குப் போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள்படி பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும் தேவை. டீச்சர் கொடுத்தது என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிற அம்மாக்கள் உண்டு; படிவத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையிடம், "இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது, வேண்டாம்னா விளையாடப் போகலாம்" என்று சொல்லுங்கள். போனால் விட்டுவிடுங்கள்.

கைடு (நெறியாளர்) விஷயத்தில் முதலில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்: ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் அதிகபட்சம் 8 ஆய்வு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். தொடக்கப் பள்ளி வகுப்பில் உட்கார்ந்து பழகியவராக இருந்தால் நல்லது. மொழியியல் துறையிலிருந்து ஓர் இணை நெறியாளர் கிடைத்தால் இந்த ஆய்வுக்குப் பெரிய பலம். முதல் சந்திப்புக்குப் போகும்போது ஐந்து பிள்ளைகள் வாசித்ததைக் குறித்த நோட்டை எடுத்துப் போங்கள். எந்தச் சொல்லில் நின்றது, எதை விட்டது, விரல் எங்கே இருந்தது என்று தேதி போட்டு எழுதியிருக்கட்டும்.