முகவர் அவசரப்படுத்துகிறார், இன்றே ஆயிரம் வெள்ளி கொடுத்துவிடலாமா?

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள், முதல் வீடு தேடுகிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 8,200 வெள்ளி. கையில் ரொக்கம் 30,000 வெள்ளி இருக்கிறது. ஈசூனில் ஒரு நாலறை மறுவிற்பனை வீடு பிடித்திருக்கிறது, விலை 610,000 வெள்ளி சொல்கிறார்கள். "இன்னொருவரும் கேட்டிருக்கிறார், இன்றைக்கே 1,000 வெள்ளி கொடுத்து ஆப்ஷன் (வீட்டை உங்களுக்காக ஒதுக்கிவைக்கும் உரிமை) வாங்கிவிடுங்கள். உங்கள் பக்கத்து வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன், பாதி கமிஷன் போதும்" என்கிறார் வீட்டுக்காரரின் முகவர். வீடு வாங்கும் தகுதியைக் காட்டும் எச்எஃப்இ கடிதத்துக்கு நாங்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இன்று ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

எச்எஃப்இ கடிதம் கையில் இல்லாமல் ஆப்ஷன் வாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) விதிகள் இடம் தருவதில்லை. முதலில் சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு வழியாக வீவக இணையவாசலில் விண்ணப்பியுங்கள். எவ்வளவு கடன் கிடைக்கும், என்னென்ன மானியத்துக்குத் தகுதி என்பதெல்லாம் அந்தக் கடிதத்திலேயே வந்துவிடும். அது 9 மாதம் செல்லும். கடிதம் வருவதற்குள் இந்த வீடு கைநழுவினால் போகட்டும், ஈசூனில் நாலறை வீட்டுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது அந்த முகவர் சொன்ன யோசனை. ஒரே வியாபாரத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே முகவர் இருப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. விற்பவரிடம் கமிஷன் வாங்குகிறவர் உங்களிடம் பாதி கேட்டாலும் தவறு, கால்வாசி கேட்டாலும் தவறு. அவருடைய கடமை விற்பவருக்கு நல்ல விலை வாங்கித் தருவது. அதனால் உங்கள் சம்பளம், கையிருப்பு, எதுவரை ஏறுவீர்கள் என்பதை அவரிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லிவிடாதீர்கள். சொத்து முகவர் மன்றமான சிஇஏயின் பொதுப் பதிவேட்டில் அவருடைய கைப்பேசி எண்ணையோ, R எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையோ போட்டுப் பாருங்கள். ஆப்ஷன் பணத்தை விற்பவர் பெயரில்தான் கொடுக்க வேண்டும். வீடு வாங்கும் பணத்தை முகவர் தொடவே கூடாது.

உங்களுக்கென்று தனி முகவர் கட்டாயமில்லை. வீவக மறுவிற்பனைத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அப்போது கமிஷன் இல்லை. வைத்துக்கொண்டால் வாங்குபவர் தரப்பில் 1% என்பது வழக்கம்தான், சட்டமில்லை, பேசிக் குறைக்கலாம். 610,000க்கு 1% என்றால் 6,100, அதன்மேல் 9% ஜிஎஸ்டி, ஆக 6,649 வெள்ளி. இதை மத்திய சேம நிதியிலிருந்து கட்ட முடியாது. பணத்தை முகவர் நிறுவனத்தின் பெயரில் செலுத்துங்கள், முகவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள்.

இனி, உங்களை உண்மையில் கடிக்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். 2014 மார்ச் முதல் விலையைப் பேசி ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வீவக மதிப்பீட்டைக் கேட்க முடியும். பேசிய விலைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் சிஓவி என்கிறார்கள். அது முழுக்க ரொக்கம். கடனும் உதவாது, சேம நிதியும் உதவாது. மானியம் சேம நிதியின் சாதாரணக் கணக்கில்தான் போய் விழும் என்பதால் அதுவும் உதவாது.

ஒரு பேச்சுக்கு மதிப்பீடு 585,000 என்று வைத்துக்கொள்வோம். வீவக கடன் அதில் 75%, அதாவது 438,750 வெள்ளி. 2.6% வட்டியில் 25 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,990. உங்கள் சம்பளத்தில் 30%, அதாவது 2,460 வெள்ளிக்குள் தவணை இருக்க வேண்டும், அதனால் இங்கே சிக்கல் இல்லை. மீதி 146,250. முதல்முறை வாங்கும் குடிமக்கள் தம்பதிக்கு நாலறை வரை 80,000 வெள்ளி குடும்ப மானியம் உண்டு. அது போக 66,250 வெள்ளி உங்கள் சேம நிதியிலிருந்து வர வேண்டும். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் இன்னொரு 20,000 கிடைக்க வாய்ப்புண்டு. முத்திரை வரி 12,900 வெள்ளி, அதையும் சேம நிதியிலிருந்து கட்டலாம்.

ரொக்கத்தைப் பாருங்கள்: சிஓவி 25,000, முகவர் 6,649, மதிப்பீட்டுக் கட்டணம் 120. மொத்தம் 31,769. உங்களிடம் இருப்பதோ 30,000. ஒரு மின்விசிறி மாட்டக்கூட மிச்சமில்லை. தவணை கட்டச் சக்தி இருந்தும் பலர் திணறுவது இந்த இடத்தில்தான். சிஓவிக்கு உங்கள் எல்லையை இப்போதே எழுதி வையுங்கள். 10,000க்கு மேல் போகாதீர்கள் என்பது என் யோசனை.

மதிப்பீட்டை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். அதே புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் கடந்த ஆறு மாதத்தில் நாலறை வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று வீவக இணையத்தளம் மாடி வாரியாகக் காட்டுகிறது. அந்த விலைகளிலும் சிஓவி கலந்திருக்கலாம் என்பதால் மிக உயர்ந்த ஒன்றிரண்டை ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதைப் பிடியுங்கள். ஆப்ஷன் கட்டணம் 1 வெள்ளியிலிருந்து 1,000 வரை எவ்வளவும் இருக்கலாம். குறைத்தே பேசுங்கள், ஏனென்றால் பின்வாங்கினால் நீங்கள் இழப்பது அதுவும் மதிப்பீட்டுக் கட்டணமும் மட்டும்தான். ஆப்ஷன் வாங்கிய மறு வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆப்ஷன் 21 நாள், கடைசி நாள் மாலை 4 மணி வரை செல்லும். மதிப்பீடு உங்கள் எல்லைக்கு ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுங்கள்.

குத்தகையையும் பாருங்கள். ஈசூனில் பல புளோக்குகள் 1980களில் கட்டியவை. 1985இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2084இல் முடிகிறது. உங்களில் இளையவர் 1989க்குப் பிறகு பிறந்தவர் என்றால் அப்போது அவருக்கு 95 வயது ஆகியிருக்காது. அப்படியானால் சேம நிதியும் வீவக கடனும் குறையும், நான் மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

இன விகிதாச்சாரம், அதாவது ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள உச்சவரம்பு, நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. அந்தப் புளோக்கில் இந்தியர், மற்றவர் பங்கு நிரம்பியிருந்தால், விற்பவரும் அதே பிரிவினராக இருந்தால்தான் நீங்கள் வாங்கலாம். மாறாக, சீனர் பங்கு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியரோ மலாய்க்காரரோ விற்கிறார் என்றால் அவர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைவு, ஆகவே பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. மாதாமாதம் முதல் தேதி இந்த நிலவரம் மாறும், வீவக தளத்தில் புளோக் எண்ணைப் போட்டாலே தெரியும். இதைப் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள்.

வீட்டை இன்னும் இரண்டு முறை பாருங்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு தடவை, மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது என்று தெரியும். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை. கழிவறைக் கூரையைத் தலை நிமிர்ந்து பாருங்கள். பழுப்புக் கறையோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால், மேல்வீட்டுக் கழிவறைத் தளத்தில் நீர் தடுக்கும் அடுக்கு போய்விட்டது என்று சந்தேகப்படுங்கள். சிமென்ட் உப்பி உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தால், பழுது பார்த்த பிறகு வீட்டைத் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். தரை ஓடுகளைத் தட்டினால் வெற்றொலி வரக் கூடாது. மெயின் சுவிட்ச் 30 ஆம்பியரா 40 ஆம்பியரா என்று பாருங்கள். 30 என்றால் ஏர்கான் மாட்டும்போது கூடுதல் செலவு வரும். சுவர் இடித்திருந்தால் அதற்கு வீவக அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, விற்பனை முடிந்த பிறகும் சில மாதம் தங்கிக்கொள்ள விற்பவர் கேட்கப்போகிறாரா என்பதை ஆப்ஷன் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். அப்படித் தங்க மூன்று மாதம் வரை அனுமதி உண்டு. நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் அந்த மூன்று மாத வாடகையும் இதே 30,000 வெள்ளியிலிருந்துதான் போகும்.